நட்சத்திரக் குறி போட்ட சீட்டு: பி.எஸ்.ஏ. பற்றிக் கேட்டவர்களுக்கு

போன மாதம் இந்தப் பகுதியில், ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் அடியில் இருக்கும் பிராஸ்டேட் சுரப்பியின் வீக்கத்தைப் பற்றி எழுதியபோது, அதில் புற்றுநோய் உண்டா என்று துப்புப் பார்க்க எடுக்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனைக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த ஒரு வரிக்கு ஒரு பை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பாதிக்கு மேல் பெண்கள் எழுதியவை. இதில் எனக்கு வியப்பில்லை. முப்பத்து நான்கு வருடம் மதுரையில் சிறுநீரியல் பிரிவில் உட்கார்ந்திருந்தவன் நான். நோயாளி கதவோரமாகவே நிற்பார். மஞ்சள் பையிலிருந்து சீட்டுகளை எடுத்துத் தேதிவாரியாக மேசையில் பரப்புகிறவர் அவருடைய மனைவியாக இருப்பார். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், வயது 66. சிங்கப்பூரில் இருக்கும் என் மகன் பணம் கட்டி, வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் முழு உடல் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தான். மற்றதெல்லாம் சரி. பி.எஸ்.ஏ. மட்டும் 6.8. பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டுத் தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். நான்குக்குள் இருக்க வேண்டுமாம். வயிற்று ஸ்கேனில் பிராஸ்டேட் 62 சிசி என்று இருக்கிறது. உடனே சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்கிறான் மகன். மூன்று இரவுகளாகத் தூக்கமில்லை. ரத்தம் எடுத்த வாரத்தில் சிறுநீர் போகும்போது கடுப்பு இருந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? (காரைக்குடி)

பதில்: கடைசி வரியில் எழுதியதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும் ஐயா. சம்பந்தம் உண்டு, நிறையவே உண்டு.

பி.எஸ்.ஏ. என்பது புற்றுநோய் சுரக்கும் விஷம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பிராஸ்டேட் சுரப்பி காலங்காலமாகச் செய்துவரும் ஒரு நொதி. வெளிப்பட்டதும் கூழாக உறையும் விந்தை இளக்கி நீர்க்க வைப்பது அதன் வேலை. அதனால் விந்தில் அது ஏராளமாக இருக்கும். ரத்தத்தில் துளியினும் துளி. உங்கள் சீட்டில் உள்ள நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு.

எங்கள் ஊர்ப் பக்கம் கண்மாய்க் கரையில் ஈரம் கண்டால் காவல்காரர் உடனே தமுக்கடிக்க மாட்டார். நீர் நிறைந்திருந்தால் கசியும். நண்டு வளை போட்டிருந்தால் கசியும். மாடு இறங்கிக் கரையை மிதித்திருந்தாலும் கசியும். கரை உடையப் போகிறதென்றாலும் கசியும். பி.எஸ்.ஏ. அந்த ஈரம்தான். வயதானால் சுரப்பி பெருக்கும், ஈரமும் கூடும். கிருமித் தொற்று வந்தால் சில நாட்களிலேயே பல மடங்காக ஏறும். சிறுநீர் அடைத்து டியூப் போட்டால் ஏறும். புற்றுநோய் சுரப்பியின் உள் வரம்புகளை உடைக்கும்போதும் ஏறும். ஈரம் இருப்பதைத்தான் சீட்டு சொல்கிறது. எதனால் என்று சொல்வதில்லை.

முதலில் சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்சர் பரிசோதனைக்குக் கொடுங்கள். தொற்று இருந்தால் மருந்தை முழுவதும் சாப்பிட்டு முடியுங்கள். அதன் பிறகு ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்து, அதே லேபில் பி.எஸ்.ஏ.யை மறுபடி எடுங்கள். பாதிக்குப் பாதி இறங்கிய சீட்டுகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இது புற்றுநோயாகவே இருந்தாலும் இந்த எட்டு வாரத்தில் குடி முழுகிவிடாது. பொதுவாக மெதுவாக நகரும் நோய் இது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம், ஆசிரியருக்குப் பிடிக்கும். 6.8ஐ 62ஆல் வகுங்கள். 0.11 வருகிறது. பெரிய சுரப்பிக்குப் பெரிய எண் வருவது இயல்பு. இந்த வகுத்தல் 0.15ஐத் தாண்டினால்தான் எங்களுக்குச் சந்தேகம் கூடும். கடுப்பு இருந்த வாரத்திலேயே உங்களுக்கு 0.11தான்.

இரண்டாவது முறையும் எண் இறங்கவில்லையென்றால் சிறுநீரியல் மருத்துவரிடம் போங்கள். அவர் மலவாய் வழியாக விரல் வைத்துச் சுரப்பியைத் தடவிப் பார்ப்பார். ஒரு நிமிடம்கூட ஆகாது. வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் தம்பியால் செய்ய முடியாத சோதனை என்பதால் எந்த 'பேக்கேஜி'லும் அது இருக்காது. கல்லுப்போல ஒரு முடிச்சு விரலில் தட்டினால் எண் 2 என்றாலும் நான் விடமாட்டேன். அதற்கடுத்து எம்.ஆர்.ஐ., அதில் சந்தேகமான இடம் தெரிந்தால் பயாப்ஸி, அதாவது உங்கள் மகன் சொல்லும் சதைப் பரிசோதனை. இந்த வரிசை முக்கியம். முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்தால் ஏறக்குறைய நான்கில் ஒருவர் பயாப்ஸி ஊசியிலிருந்து தப்பலாம் என்று 2017இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு ஒன்று காட்டியது. மகனிடம் சொல்லுங்கள்.

நான்கு என்பதும் ஆண்டவன் கிழித்த கோடு அல்ல. நான்குக்குக் கீழே இருந்தவர்களுக்கும் பயாப்ஸி செய்து பார்த்த அமெரிக்க ஆய்வு 2004இல் வந்தது. அவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குப் புற்றுநோய் இருந்தது, பெரும்பாலும் சிறியது. நான்கிலிருந்து பத்துக்குள் வருபவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் என்பது மேலை நாட்டுக் கணக்கு. நட்சத்திரக் குறியைப் போட்டது கணினி, ஐயா. அதற்கு உங்கள் கடுப்பும் தெரியாது, 62 சிசியும் தெரியாது. இன்றிரவு தூங்குங்கள்.

கேள்வி: வயது 52. மில்லுக்குத் தினமும் பதினைந்து கிலோமீட்டர் சைக்கிளில் போய் வருகிறேன். பி.எஸ்.ஏ. எடுக்க வெறும் வயிறாகப் போக வேண்டுமா? வேறு பத்தியம் உண்டா? (திருப்பூர்)

பதில்: சாப்பிட்டுவிட்டே போகலாம். சோதனைக்கு முந்திய இரண்டு நாள் சைக்கிளுக்கு ஓய்வு கொடுங்கள், அந்த இரண்டு நாளும் தாம்பத்தியமும் வேண்டாம். இரண்டும் எண்ணைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டலாம். லேபில் இதை யாரும் சொல்வதில்லை. சொல்லக் கூச்சமோ என்னவோ.

கேள்வி: என் கணவருக்கு 71 வயது. சிறுநீர் தடைபட்டு வந்ததால் மூன்று வருடமாக டாம்சுலோசினும் டுட்டாஸ்டெரைடும் சேர்ந்த கேப்சூல் சாப்பிடுகிறார். மாத்திரை தொடங்குமுன் பி.எஸ்.ஏ. 5.2. முதல் வருடம் 2.4, அடுத்த வருடம் 2.6, இப்போது 3.9. லேபில் 'நார்மல்தான் அம்மா, நான்குக்குள் இருக்கிறதே' என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் வீணாகப் பயப்படுகிறேனா? (நாகர்கோவில்)

பதில்: இல்லை அம்மா. இந்த மாதம் வந்த கடிதங்களில் நான் இரண்டு முறை படித்தது உங்கள் கடிதம்தான்.

டுட்டாஸ்டெரைடு, பினாஸ்டெரைடு இரண்டும் சுரப்பியைச் சுருக்கும் மருந்துகள். ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் பி.எஸ்.ஏ.யை ஏறக்குறையப் பாதியாக்கிவிடும். உங்கள் கணவருக்கு 5.2 என்பது 2.4 ஆனதே, அதுதான். ஆகவே இந்த மருந்து சாப்பிடுகிறவரின் சீட்டில் உள்ள எண்ணை இரண்டால் பெருக்கிப் படிக்க வேண்டும். 3.9 என்பது உண்மையில் 7.8. லேபில் இருப்பவருக்கு அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பது தெரியாது, தெரிய வழியும் இல்லை.

பெருக்கல் பாதிதான். மீதியை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். இந்த மருந்தை விடாமல் சாப்பிடும்போது எண் இறங்கி, இறங்கிய இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கிருந்து ஏறினால், அது எந்த உயரமானாலும் சரி, ஏன் என்று கேட்க வேண்டும். 2.4லிருந்து 3.9 சின்ன ஏற்றம் இல்லை. முதலில் ஒன்று பாருங்கள்: இடையில் மாத்திரை தீர்ந்து ஒரு மாதம், இரண்டு மாதம் சாப்பிடாமல் இருந்தாரா? நம் ஆண்கள் வீட்டில் சொல்லமாட்டார்கள். காலி அட்டைகளை எண்ணிப் பாருங்கள். ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால், ஒரு மாதத்துக்குள் மறுபடி ஒருமுறை எடுத்து உறுதி செய்துகொண்டு, மூன்று வருடச் சீட்டுகளையும் ஒரே தாளில் எழுதி எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். விரல் பரிசோதனையும் எம்.ஆர்.ஐ.யும் தேவைப்படும். தொகுப்பாகப் பார்த்தால் ஒன்றுமில்லாமலும் போகலாம். ஆனால் பார்க்காமல் விடக் கூடாது.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இருபது வருடத்துக்கு முன்பு ஒரு நெல் வியாபாரி என்னிடம் வந்துகொண்டிருந்தார். இதே வகை மாத்திரைதான். 2.1 வந்தது, 'நார்மல்' என்று சீட்டில் எழுதினேன். 2.9 வந்தது, எழுதினேன். 3.6க்கும் எழுதினேன். மூன்றும் என் கையெழுத்து, ஒரே பச்சை மை. மூன்றாவது முறை அவர் மனைவி, "மாத்திரை சாப்பிட்டும் ஏறிக்கொண்டே போகிறதே, டாக்டர்?" என்று கேட்டார். வெளியே எழுபது பேர் காத்திருந்தார்கள். "நான்குக்குள் இருக்கிறது அம்மா" என்றேன். அடுத்த முறை அவர் வந்தபோது இடுப்பு வலி என்று வந்தார். ஸ்கேனில் இடுப்பெலும்பில் இரண்டு இடம் தெரிந்தது. சிகிச்சையில் சில வருடங்கள் நன்றாகவே இருந்தார். அந்த அம்மாள் கடைசிவரை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

இந்தக் கணக்கு முடி உதிர்வுக்காகக் குறைந்த அளவில் பினாஸ்டெரைடு சாப்பிடுகிறவர்களுக்கும் பொருந்தும். நாற்பத்தைந்து வயதுக்காரர் அதை 'மருந்து' என்றே நினைப்பதில்லை, டாக்டரிடம் சொல்வதுமில்லை. இன்னொன்று: வீட்டில் மருமகளோ மகளோ கர்ப்பமாக இருந்தால் உடைந்து ஒழுகும் டுட்டாஸ்டெரைடு கேப்சூலைத் தொடக் கூடாது. தோல் வழியாகவே உள்ளே போகும். வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையானால் அதன் பிறப்புறுப்பு வளர்ச்சியைக் கெடுக்கலாம்.

கேள்வி: அண்ணன் 61 வயதில் பிராஸ்டேட் புற்றுநோயில் போய்விட்டார். எனக்கு 47. பரிசோதனை செய்துகொள்ளலாமா? இந்தப் பரிசோதனையைக் கண்டுபிடித்தவரே இது வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகப் படித்தேன். குழப்பமாக இருக்கிறது. (கோயம்புத்தூர்)

பதில்: நீங்கள் படித்தது ரிச்சர்டு ஏப்லின் என்ற அமெரிக்க ஆய்வாளரைப் பற்றியதாக இருக்கும். 1970இல் பிராஸ்டேட்டுக்கே உரிய ஆன்டிஜனை (உடலின் எதிர்ப்புச் சக்தி அடையாளம் காணும் பொருளை)ப் பற்றி எழுதியவர். 2010இல் நியூயார்க் டைம்ஸ் இதழில், நோய்க்குறி எதுவும் இல்லாத ஆண்களையெல்லாம் வரிசையில் நிற்க வைத்து இதை எடுப்பது பணத்துக்கும் உடம்புக்கும் கேடு என்று காரமாக எழுதினார். ஆனால் நொதியைத் தனியாகப் பிரித்தெடுத்து ரத்தப் பரிசோதனைக்கு வழி செய்தவர்கள் நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ நகரத்து ராஸ்வெல் பார்க் புற்றுநோய் மையத்துக் குழுவினர், அது 1979இல். 1986இல் அமெரிக்க அரசு இதை அனுமதித்தபோது, ஏற்கெனவே புற்றுநோய் உள்ளவர்களைப் பின்தொடர்வதற்கு மட்டும்தான் அனுமதித்தது. நோயைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தலாம் என்ற அனுமதி 1994இல்தான், அதுவும் விரல் பரிசோதனையோடு சேர்த்து.

ஏப்லினின் கோபத்தில் நியாயம் இருந்தது. அந்தக் காலத்தில் எண் ஏறினால் பயாப்ஸி, பயாப்ஸியில் ஒரு துளி தெரிந்தால் அறுவை சிகிச்சை. தூங்கிக்கொண்டிருந்த நோயைத் தட்டி எழுப்பி, சிறுநீர்க் கட்டுப்பாட்டையும் ஆண்மையையும் விலையாகக் கொடுத்தவர்கள் ஏராளம். இன்று அப்படியில்லை. பிரிட்டனில் பிராஸ்டேட்டுக்குள்ளேயே நின்ற புற்றுநோய் உள்ள 1,643 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவைக் கண்காணிப்பில் மட்டும் வைத்து, மற்ற இரண்டுக்கும் அறுவையோ கதிர்வீச்சோ கொடுத்துப் பதினைந்து வருடம் பின்தொடர்ந்தார்கள். 2023இல் முடிவு வந்தது. மூன்று பிரிவிலும் நூற்றுக்கு 97 பேர் இந்த நோயால் சாகவில்லை. வீரியமற்ற புற்றுநோய் என்றால் கத்தியை எடுக்காமல் பி.எஸ்.ஏ., எம்.ஆர்.ஐ., பயாப்ஸி என்று கவனித்துக்கொண்டே இருப்பது இப்போது கௌரவமான சிகிச்சை.

மறுபக்கமும் இருக்கிறது. ஐரோப்பாவில் எட்டு நாடுகளில் நடந்த பெரிய ஆய்வின் முதல் கணக்கு 2009இல் வந்தபோது, ஒரு மரணத்தைத் தவிர்க்க 1,410 பேரைப் பரிசோதனைக்கு அழைக்க வேண்டும், 48 பேருக்கு நோயென்று முத்திரை குத்த வேண்டும் என்றிருந்தது. அதே ஆய்வை 23 வருடம் வரை நீட்டிப் பார்த்தபோது அது 456 ஆகவும் 12 ஆகவும் இறங்கிவிட்டது. மெதுவான நோயின் பலனும் மெதுவாகத்தான் கைக்கு வரும். இவையெல்லாம் ஐரோப்பிய ஆண்களின் கணக்கு என்பதை மறக்க வேண்டாம். எங்கள் வார்டில் நான் பார்த்த சிக்கல் தலைகீழானது. இங்கே தேவையில்லாமல் கண்டுபிடிக்கப்பட்டவர்களைவிட, முதுகெலும்பு வரை பரவிய பிறகு கட்டிலோடு தூக்கிக்கொண்டு வரப்பட்டவர்களே அதிகம்.

உங்களுக்குப் பதில்: செய்துகொள்ளுங்கள், இப்போதே. தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தால் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பு. மற்றவர்கள் ஐம்பதில் யோசிக்கலாம், நீங்கள் நாற்பத்தைந்தில் தொடங்கியிருக்க வேண்டும். அம்மா, சித்தி, பெரியம்மா, அக்கா தங்கை யாருக்காவது மார்பகப் புற்றோ கருப்பைக்குப் பக்கத்திலுள்ள சினைப்பையில் புற்றோ வந்திருக்கிறதா என்றும் விசாரியுங்கள். பி.ஆர்.சி.ஏ. 2 என்ற மரபணுக் கோளாறு இந்த மூன்றையும் ஒரே குடும்பத்தில் கொண்டுவரும். மார்பகப் புற்று பெண்கள் சமாச்சாரம் என்று நினைத்து ஆண்கள் அதை டாக்டரிடம் சொல்வதே இல்லை.

கேள்வி: பூசணி விதை தின்றால் பி.எஸ்.ஏ. இறங்குமா? முடிக்காக பயோட்டின் மாத்திரையும் சாப்பிடுகிறேன், ஒன்றும் செய்யாதே? (விருதுநகர்)

பதில்: பூசணி விதை ருசியாக இருக்கும், சாப்பிடுங்கள், எண்ணுக்காக வேண்டாம். பயோட்டினைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சில லேப் இயந்திரங்கள் பயோட்டினையே பசைபோலப் பயன்படுத்தி பி.எஸ்.ஏ.யை அளக்கின்றன. ரத்தத்தில் அது மிதமிஞ்சி இருந்தால் எண் பொய்யாக இறங்கிக் காட்டும். சோதனைக்குச் சில நாள் முன்பே நிறுத்திவிட்டு, லேபிலும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வயது 63. ஒன்றரை வருடத்துக்கு முன் பிராஸ்டேட்டை முழுவதும் எடுத்துவிட்டார்கள். முதல் பி.எஸ்.ஏ. 0.03. அடுத்தது 0.05. இப்போது 0.08. நடுவில் உள்ளது வேறு லேபில் எடுத்தது. சுரப்பியே இல்லாதபோது இது எங்கிருந்து வருகிறது? நோய் திரும்பிவிட்டதா? (தஞ்சாவூர்)

பதில்: பி.எஸ்.ஏ. என்ற பரிசோதனை தன் முழுத் திறமையைக் காட்டுவது உங்களைப் போன்றவர்களிடம்தான். சுரப்பி இருக்கும்வரை அது ஆயிரம் காரணத்துக்கு ஏறும். சுரப்பியே போன பிறகு ஏறினால் சொல்வதற்குக் காரணம் ஒன்றோ இரண்டோதான். ரத்தத்தில் இது இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அதனால் அறுவைக்கு ஆறு வாரம் கழித்து அநேகமாக அளக்க முடியாத அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். உங்கள் 0.03 அப்படிப்பட்டதுதான்.

எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லை 0.2. இரண்டு முறை எடுத்து இரண்டு முறையும் 0.2க்கு மேல் என்றால், நோய் ரத்த அளவில் தலைகாட்டியிருக்கிறது என்போம். நீங்கள் இன்னும் அங்கே போகவில்லை. 0.03க்கும் 0.05க்கும் உள்ள வித்தியாசம் இயந்திரத்தின் தடுமாற்றமாகவும் இருக்கலாம், அதுவும் லேப் மாறியிருக்கும்போது. வெவ்வேறு கம்பெனி இயந்திரங்கள் ஒரே ரத்தத்துக்கு வெவ்வேறு எண் கொடுக்கும். தராசை மாற்றிவிட்டு எடை கூடியதென்று சொல்ல முடியாது. அறுவைக்குப் போன பிறகு கடைசிவரை ஒரே லேப்.

ஆனாலும் இந்த மூன்று எண்ணும் ஒரே திசையில் நடக்கின்றன என்பதை நான் மறைக்கமாட்டேன். மூன்று மாதத்தில் அதே லேபில் மறுபடி எடுங்கள். 0.1ஐத் தொட்டுவிட்டாலோ மறுபடி ஏறியிருந்தாலோ 0.2 வரட்டும் என்று காத்திருக்காமல் கதிர்வீச்சு மருத்துவரை ஒருமுறை சந்தியுங்கள். அறுவை நடந்த இடத்துக்குக் கதிர்வீச்சு கொடுப்பதானால் எண் சின்னதாக இருக்கும்போதே கொடுப்பது நல்ல பலன் தரும், 0.5ஐத் தாண்டவிட்டால் வாய்ப்பு குறையும். வெட்டியெடுத்த சுரப்பியின் பரிசோதனை அறிக்கையில், புற்றின் வீரியத்தைச் சொல்லும் கிளீசன் எண் என்ன, வெட்டிய ஓரத்தில் புற்று அணுக்கள் இருந்தனவா என்ற இரண்டையும் தேடி எடுத்து வையுங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.

(அறுவைக்குப் பதில் கதிர்வீச்சு எடுத்துக்கொண்டவர்கள் இந்த எண்களை வைத்துப் பயப்பட வேண்டாம். அவர்களுக்குச் சுரப்பி உள்ளேயே இருக்கிறது; எண் இறங்கிய அடிமட்டத்திலிருந்து 2 கூடினால்தான் சந்தேகம். நடுவில் ஒருமுறை துள்ளி இறங்குவதும் உண்டு.)

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது. முதுகு வலி என்று ஆறு மாதம் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு பார்த்தால் பி.எஸ்.ஏ. 840, எலும்பெல்லாம் பரவியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி போடுகிறார்கள். இப்போது 0.9. வலியும் இல்லை. குணமாகிவிட்டதா? ஊசியை நிறுத்தலாமா? விரையை எடுத்துவிட்டால் ஊசி வேண்டாம் என்கிறார்கள், அப்பா சம்மதிக்க மாட்டேன் என்கிறார். (சிவகங்கை)

பதில்: 840லிருந்து 0.9 என்பது மிக நல்ல இறக்கம். குணம் அல்ல அம்மா. இரண்டையும் சேர்த்தே அப்பாவிடம் சொல்லுங்கள், ஒன்றை மட்டும் சொல்ல வேண்டாம்.

இந்த நோய் ஆண் ஹார்மோனைத் தின்று வளர்கிறது. அதை நிறுத்தினால் வாடும். அப்பாவின் ஊசியும் விரை நீக்கமும் செய்வது அதைத்தான். 1941இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற அறுவை மருத்துவர் இதைக் காட்டினார். 1966இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் காலத்தில் பி.எஸ்.ஏ. கிடையாது. ஆசிட் பாஸ்பட்டேஸ் என்ற வேறொரு நொதியைத்தான் அளந்தார். நான் படித்துக்கொண்டிருந்தபோதும் அதுதான். ரத்தத்தைச் சூட்டில் வைத்தால் கெட்டுவிடும். ஐஸ் பெட்டியில் வைத்து வார்டிலிருந்து லேபுக்கு ஓட வேண்டும். மே மாத மதுரையில், பெட்டிக்கடையில் ஐஸ்கட்டி வாங்கித் துண்டில் சுற்றி ஓடியிருக்கிறேன். எண் இறங்கிவிட்டால் அது மருந்தாலா, ஐஸ் உருகியதாலா என்று பேராசிரியர் கேட்பார்.

ஊசியை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ஹார்மோன் திரும்பும், நோயும் கூடவே திரும்பும். விரை நீக்க அறுவை ஒரே நாளில் முடியும், பலன் ஊசிக்குச் சமம், செலவு ஒருமுறைதான். ஆனாலும் அப்பா வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். எழுபத்தெட்டு வயதில் எதற்கு என்று மகன்கள் கேட்பார்கள். படுத்திருப்பவர் அவர்கள் இல்லை. ஊசியோடு, ஆண் ஹார்மோனை மேலும் அடக்கும் அபிராடெரோன் மாத்திரையும் சேர்ப்பது கூடுதல் காலம் தருகிறது என்று 2017இலேயே இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன. இந்தியக் கம்பெனிகளே தயாரிப்பதால் முன்போல எட்டாத விலையும் இல்லை. அப்பாவின் இதயம், ரத்த அழுத்தம், ஈரல் இடம் கொடுக்குமா என்று அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ. எடுங்கள். என்றாவது அது மெல்ல ஏறத் தொடங்கும்; மாதக் கணக்கிலும் ஆகலாம், வருடக் கணக்கிலும் ஆகலாம். அப்போது அந்த ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். அது 50க்குக் கீழே இருந்தும் பி.எஸ்.ஏ. ஏறினால், நோய் ஹார்மோன் இல்லாமலே வளரப் பழகிவிட்டது என்று பொருள். அதற்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. டெஸ்டோஸ்டிரோன் இறங்கவே இல்லையென்றால் ஊசி ஒழுங்காகப் போடப்பட்டதா என்று பார்க்க வேண்டும். தேதி தள்ளிப்போய் எண் ஏறியவர்களும் உண்டு.

எண்ணையே பார்த்துக்கொண்டிருந்து அப்பாவைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். எண் ஏறாமலே நோய் வளர்வது அபூர்வம், ஆனால் நடக்கும். கால் மரத்துப்போகிறது, படியேற முடியவில்லை, சிறுநீர் நின்றுவிட்டது என்று சொன்னால் அன்றைக்கே, இரவானாலும், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தண்டுவடம் நசுங்குகிறது என்பதற்கான அறிகுறி அது. ஒரு நாள் தாமதித்தால் கால் திரும்பாது. எண்ணெய் மட்டும் தேய்க்க வேண்டாம்.

கேள்வி: வயது 81. சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. பத்து வருடமாக பி.எஸ்.ஏ. 1.4, 1.5 என்றே இருக்கிறது. வருடா வருடம் பிள்ளைகள் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். இன்னும் எத்தனை வருடம் எடுக்க வேண்டும்? (தேனி)

பதில்: இனி வேண்டாம், ஐயா. எழுபதுக்கு மேல், நோய்க்குறி இல்லாதவர்களுக்கு இதை வழக்கமாக எடுக்கத் தேவையில்லை என்று அமெரிக்க வழிகாட்டுதலே சொல்கிறது. உங்கள் 1.4க்கு அதற்கு முன்பே விடுதலை கொடுத்திருக்கலாம். சிறுநீரில் ரத்தமோ அடைப்போ எலும்பு வலியோ வந்தால் அது வேறு கதை, அப்போது வாருங்கள்.

பிள்ளைகளிடம் அந்தப் பணத்தில் கண் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். உங்கள் கையெழுத்து இன்னும் நடுங்கவில்லை, ஆனால் இரண்டாவது பக்கத்தில் வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. வலப்பக்க ஓரத்தைத் தாண்டி நான்கு சொற்கள் மேசையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அவை எனக்கு வந்து சேரவில்லை.